பாடம் 6: சொந்த வீடு எழும்பும்வரை வாடகை வீட்டில்

திரும்பி வந்த எல்லோரும் நேரே சொந்த வளவுக்குப் போய்விடவில்லை. வீடு கூரையின்றி நிற்கலாம். காணியில் மிதிவெடி அகற்றும் வேலை முடியாதிருக்கலாம். பிள்ளைகளின் பாடசாலைக்காகவும் தொழிலுக்காகவும் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நீங்கள் தங்கியிருக்கலாம். இந்தப் பாடம் உங்களுக்கானது.

2009 இல் ஏ9 வீதி மீளத் திறக்கப்பட்ட பின்னர் இந்த நகரங்களில் கட்டட வேலைகள் பெருகின. வீதிகள் அகலமாகின்றன. ஒழுங்கைகளிலும் மாடிகள் எழுகின்றன. காணி விலை ஏறும்போது வீட்டை விற்கவோ இடித்துக் கட்டவோ உரிமையாளர் எண்ணுவது இயல்பு. அப்போது முதலில் தடுமாறுபவர் வாடகைக்கு இருப்பவரே.

ஓர் உதாரணம்

ஒரு குடும்பம் ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்துக் குடியேறியது. உரிமையாளர் வெளிநாட்டில். அவருடைய உறவினர் பணத்தை வாங்கினார். எல்லாம் வாய்ப்பேச்சு, பற்றுச்சீட்டு இல்லை. நான்காம் மாத முடிவில், “இடித்துக் கடை கட்டப் போகிறோம், ஒரு கிழமைக்குள் எழும்புங்கோ” என்றார் அந்த உறவினர். இக்குடும்பத்துக்கு என்ன உரிமை உண்டு?

1. எழுத்தில் இருக்க வேண்டும்

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். ஓராண்டு, ஈராண்டு தங்குவதாயின் அவ்வாறே எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பதிந்த குத்தகை இருந்தால், வீடு கைமாறினாலும் குத்தகைக் காலம் முடியும்வரை நீங்கள் இருக்கலாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், கையொப்பமிடுபவரிடம் அற்றோணித் தத்துவம் உள்ளதா என்று கேட்டுப் பாருங்கள்.

2. பற்றுச்சீட்டு வாங்குங்கள்

வாய்ப்பேச்சில் எடுத்த வீடு மாதாந்த வாடகையாகவே கொள்ளப்படும். அதற்கும் பாதுகாப்பு உண்டு. முற்பணத்துக்கும் ஒவ்வொரு மாத வாடகைக்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் பணத்தை வங்கிக் கணக்கில் இட்டுத் துண்டை வைத்திருங்கள். நீங்கள் கட்டிய மின்பட்டியல்களையும் எறிய வேண்டாம்.

3. திடீரென எழுப்ப முடியாது

மாதாந்த வாடகையை நிறுத்த ஒரு முழு மாத முன்னறிவித்தல் தேவை. அதன் பின்னும் நீங்கள் வெளியேறாவிட்டால் உரிமையாளர் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். பூட்டை மாற்றுவதற்கோ சாமான்களை வெளியே போடுவதற்கோ அவருக்கு உரிமை இல்லை. அப்படி நடந்தால் உடனே பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதங்களுக்குள் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தை நாடினால், மீண்டும் உள்ளே செல்லக் கட்டளை பெறலாம். எனவே நாட்களைக் கடத்த வேண்டாம்.

4. அயலில் கட்டட வேலை நடந்தால்

நகரில் கட்டடம் எழுப்ப மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் அனுமதி தேவை. அனுமதி உள்ளதா என்று சபையில் விசாரிக்கலாம். மதில் சரிந்தாலோ, வெள்ள வாய்க்கால் அடைபட்டாலோ எழுத்தில் முறையிடுங்கள். யாழ் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். மலக்குழிக் கழிவு கிணற்று நீருடன் எளிதில் கலந்துவிடும். கிணற்றுக்கு அருகே புதிய குழி வெட்டினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். பெருவீதி ஓரத்தில் வீடு எடுக்குமுன், வீதி அகலிப்பில் அது அகப்படுமா என்றும் கேளுங்கள்.

5. உங்கள் கடமை

வாடகையைத் தவணை தவறாமல் கொடுங்கள். உரிமையாளரின் சம்மதமின்றி வேறொருவரைக் குடியமர்த்தவோ சுவரை உடைக்கவோ வேண்டாம். தவறு உங்கள் பக்கம் இருந்தால் உங்கள் வழக்குப் பலவீனப்படும்.

உதவி எங்கே?

முதலில் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். பேசித் தீர்க்கக்கூடிய பிணக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டு செல்லலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. வழக்கு என்று வந்தால், வருமானம் குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

இப்போது அக்குடும்பத்துக்கு வருவோம். அவர்கள் ஒரு கிழமையில் வெளியேறத் தேவையில்லை. ஒரு முழு மாத அவகாசம் கேட்கலாம். குடியிருக்காத காலத்துக்கான முற்பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். ஆனால் பணம் கொடுத்ததை நிரூபிக்க அவர்களிடம் ஒரு துண்டுகூட இல்லை. அவர்களுடைய உரிமையை அல்ல, அதை நிலைநாட்டும் வழியையே அந்தக் குறை கடினமாக்கியது.

குடும்பமாக இருந்து பேசுங்கள்

• எங்கள் வாடகைக்கு என்ன எழுத்து ஆதாரம் உண்டு?
• பற்றுச்சீட்டுகளும் எங்கள் சொந்தக் காணியின் உறுதியும் எங்கே இருக்கின்றன? பிரதி உண்டா?
• நாங்கள் வாடகைக்கு இருக்கும் முகவரி, சொந்தக் காணி உள்ள பிரிவின் கிராம அலுவலருக்குத் தெரியுமா? வீட்டுத் திட்டப் பட்டியல் வரும்போது அவர் எங்களைத் தேட வேண்டியிருக்கும்.