சுவரில் ஒட்டிய கால அட்டவணையும் ஒரு கணினியும்

எங்கள் கணித ஆசிரியை பக்கத்து ஊர்ப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்கும் காணொலியில் பாடம் நடத்துகிறார். அவர் முகத்தையும் கரும்பலகையையும் ஓபிஎஸ் மென்பொருள் ஒரே படமாக்கும். அதைக் காணொலிக் கூட்டத்துக்கு அனுப்ப ஒரு மெய்நிகர் கேமரா வேண்டும். லினக்ஸில் அதைத் தருவது வி4எல்2லூப்பேக் என்னும் கெர்னல் மாட்யூல். இது கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. தனியே சேர்க்க வேண்டும்.

தினமும் காலையில் ‘மோட்ப்ரோப்’ கட்டளையைத் தட்டி நானே அதை ஏற்றுவேன். ஒருநாள் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். கட்டளை என் தலையில் மட்டுமே இருந்தது. அந்தப் பள்ளி மாணவர்கள் நோட்டைத் திறந்துவைத்து ஒரு பாடவேளை முழுவதும் காத்திருந்தார்கள். தவறு என்னுடையதே.

பிறகு அந்தக் கணினியில் நிக்ஸ்ஓஎஸ் நிறுவினேன். இதில் கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை ‘கான்ஃபிகரேஷன்.நிக்ஸ்’ என்ற ஒரே கோப்பில் எழுதிவைக்கிறோம். கால அட்டவணை சுவரில் இருந்தால், அதைப் போட்டவர் விடுப்பில் இருந்தாலும் வகுப்பு நடக்கும் அல்லவா? அதைப் போன்றதுதான் இது.

எழுத வேண்டியவை இரண்டு.

1. ‘பூட்.எக்ஸ்ட்ராமாட்யூல்பேக்கேஜஸ்’: மாட்யூலைக் கணினிக்குள் கொண்டுவரும்.
2. ‘பூட்.கெர்னல்மாட்யூல்ஸ்’: கணினி தொடங்கும்போதே அதை ஏற்றும்.

முதலில் நான் இரண்டாவதை மட்டும் எழுதினேன், மாட்யூல் ஏறவில்லை. இல்லாத புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்ததுபோல் ஆயிற்று.

இன்னொரு கவனம். மாட்யூல் எந்தக் கெர்னல் பதிப்புக்குத் தொகுக்கப்பட்டதோ அதில்தான் இயங்கும். எனவே தொகுப்பை ‘கான்ஃபிக்.பூட்.கெர்னல்பேக்கேஜஸ்’ என்பதிலிருந்தே எடுக்க வேண்டும். அப்போது கெர்னல் மாறினால் மாட்யூலும் அதற்கேற்பத் தொகுக்கப்படும்.

கோப்பைச் சேமித்து, ‘நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச்’ கட்டளை கொடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். ‘எல்எஸ்மாட்’ பட்டியலில் பெயர் வந்திருந்தால் வேலை முடிந்தது. பிழை நேர்ந்தாலும் அஞ்ச வேண்டாம். தொடக்கப் பட்டியலில் முந்தைய அமைப்பைத் தேர்ந்தெடுத்துத் திரும்பலாம்.

பதினோராம் வகுப்பில் இயக்க அமைப்பு நடத்தும்போது இந்தக் கோப்பைத் திரையில் காட்டுகிறேன். ஒரு வரியை நீக்கினால் என்ன ஆகும் என்று மாணவர்களையே ஊகித்துச் சொல்லச் சொல்கிறேன். பிறகு செய்து பார்க்கிறோம்.

சென்ற மாதம் மீண்டும் பயிற்சிக்குச் சென்றேன். கணித ஆசிரியை கணினியை இயக்கினார், பாடம் நடந்தது. என்னை யாரும் தொலைபேசியில் அழைக்கவில்லை.