தள்ளுபடிக் காலத்தில் வீடியோ கேம் வாங்குவது எப்படி?



ஆண்டு மலர் என்றால் மோட்டார், டிரான்ஸ்பார்மர், லேத் மெஷின் பற்றிக் கட்டுரைகள் வருவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டது விளையாட்டுச் சமாச்சாரம். ஆனால் இதில் போகும் காசு விளையாட்டுக் காசு அல்ல. நம்மில் பலருக்கு அது அப்பா அம்மாவின் கூலிக் காசு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும், 'இது எத்தனை நாள் கூலி?' என்றுதான் மனசு முதலில் கணக்குப் போடும். அந்தக் கணக்கோடு, எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் பாடத்தில் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

கேமே விளையாடாதே என்று உபதேசம் செய்ய வரவில்லை. நானும் விளையாடுகிறவன்தான். 'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். அளந்து போடுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

1. ஆடித் தள்ளுபடி வேறு, கேம் தள்ளுபடி வேறு

ஆடி மாதம் ஜவுளிக்கடையில் ஏன் தள்ளுபடி? அந்த மாதம் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம். தீபாவளிக்குப் புதுச் சரக்கு வருமுன் பழைய சரக்கைத் தள்ளி, குடோனைக் காலி செய்யணும். நம் அளவுக்கு ஒரே ஒரு சட்டை இருந்து, அதைப் பக்கத்தில் நிற்பவர் எடுத்துவிட்டால் போச்சு. அங்கே அவசரப்படுவதில் ஒரு நியாயம் உண்டு.

டவுன்லோட் செய்யும் கேமுக்குக் குடோன் ஏது? லட்சம் பேர் வாங்கினாலும் அது தீராது. பிறகு ஏன் 75 சதவீதம் குறைக்கிறார்கள்? வெளிவந்த நாளிலேயே முழு விலை கொடுக்கக் கூடியவர்களிடம் முதலில் விற்கிறார்கள். அந்த விலைக்கு வாங்க முடியாதவர்களிடம் பிறகு இறக்கி விற்கிறார்கள். இன்னொரு பிரதி கொடுக்க அவர்களுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆக, காத்திருப்பவனுக்கு நஷ்டம் இல்லை. நண்பர்களே, இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

வால்வ் நிறுவனம் 2003-ல் தொடங்கிய 'ஸ்டீம்' கடையையே எடுத்துக்கொள்வோம். 2015 நவம்பர் முதல் அதில் நம் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். 2023-ல் வசந்தகால விற்பனையும் சேர்ந்ததால், ஆண்டுக்கு நான்கு பெரிய விற்பனைகள். முன்பு சில மணி நேரத்துக்கு மட்டும் விலையை இன்னும் இறக்கும் 'பிளாஷ் சேல்' இருந்தது. 2015 இலையுதிர்கால விற்பனையில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே ராத்திரி முழுக்கக் கண்விழித்து, மறுநாள் பரீட்சையைக் கோட்டை விடவேண்டிய அவசியமில்லை. இந்தத் தடவை விட்டால் சில மாதத்தில் அடுத்த விற்பனை.

விதிவிலக்கும் உண்டு. கார், பாட்டு இவற்றின் உரிம காலம் முடிந்தால் சில கேம்களை விற்பனையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். 'போர்ஸா ஹொரைசன் 4' 2024 டிசம்பரில் அப்படித்தான் போனது. அதையும் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்.

2. சதவீதம் என்பது விலை அல்ல

ஒரு உதாரணக் கணக்கு. 'அ' என்ற கேம் 2999 ரூபாய், 75 சதவீதம் தள்ளுபடி. கொடுக்க வேண்டியது சுமார் 750. 'ஆ' என்ற கேம் 500 ரூபாய், 20 சதவீதம் தள்ளுபடி. கொடுக்க வேண்டியது 400. பார்த்தவுடனே 'அ'தான் லாபம் என்று தோன்றும். ஆனால் 'அ'வை 10 மணி நேரம் ஆடிவிட்டு மூடிவைத்தால் மணிக்கு 75 ரூபாய். 'ஆ'வை நண்பர்களோடு 80 மணி நேரம் ஆடினால் மணிக்கு 5 ரூபாய். எது லாபம்?

'2250 ரூபாய் மிச்சம்' என்ற விளம்பரத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். "வாங்காம இருந்தா முழுசும் மிச்சம்தானேடா?" என்றார். எந்தப் புத்தகத்திலும் இதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

3. பழைய விலையைப் பாருங்கள்

விலையை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு குறைத்துக் காட்டுவது பழைய வியாபாரத் தந்திரம். இதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி உண்டு: தள்ளுபடி அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்டணும். விலையை ஏற்றினால் 30 நாள் வரை தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று ஸ்டீமும் விற்பவர்களுக்கு விதி வைத்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது சுலபம். 'ஸ்டீம் டி.பி.', 'இஸ் தேர் எனி டீல்' ஆகிய இடங்களில் ஒரு கேமின் பழைய விலைகள் வரைபடமாகவே கிடைக்கும். கிராப் படிக்கத் தெரிந்தவர்கள்தானே நாம்? இதற்கு முன் 400-க்கு இறங்கிய கேமை இன்று 750-க்கு ஓடிப்போய் வாங்க வேண்டாம்.

4. விலைக்கு மேல் ஒரு விலை

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேமுக்குக் கம்ப்யூட்டரில் 150 ஜி.பி. இடம் வேண்டும். தினம் 1.5 ஜி.பி. தரும் செல்போன் டேட்டாவை வைத்து அவ்வளவையும் இறக்கினால் 100 நாள் ஆகும். அந்த 100 நாளும் பாடத்துக்கு ஒரு வீடியோ கூடப் பார்க்க முடியாது. பிறகு ஹார்ட் டிஸ்கில் இடம், தனி கிராபிக்ஸ் கார்டு, ராம் என்று வரிசையாக வரும். ஆகவே விலையைப் பார்க்குமுன், குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருப்பதை நம் லேப்டாப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடாத கேம் இலவசமாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

5. இரண்டு மணி நேரச் சோதனை

வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் வாங்கின கையோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள். 'லீவில் பார்த்துக்கலாம்' என்று போட்டுவைத்தால் 14 நாள் போயே போச்சு. முழு விலைக்கு வாங்கின சில நாளில் தள்ளுபடி வந்தால்கூட, இதே வரம்புக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மறுபடி வாங்கலாம். அது தவறில்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

6. மலிவுச் சாவியும் 'பிறகு கட்டலாம்' கடனும்

அங்கீகாரம் இல்லாத இடங்களில் கேமைத் திறக்கும் 'கீ' பாதி விலைக்குக் கிடைக்கும். 2015 ஜனவரியில் அப்படி வாங்கிய 'பார் க்ரை 4' கீகளை யூபிசாப்ட் நிறுவனம் செல்லாமல் ஆக்கியது. கேமைத் தயாரித்தவர் யாருக்கு விற்க அனுமதி தந்திருக்கிறாரோ அவரிடம் மட்டும் வாங்குங்கள்.

'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்பதும் கடன்தான். தவணை தவறினால் அபராதம், கிரெடிட் ஸ்கோரும் கெடும். நாளைக்கு மேல்படிப்புக்கு வங்கியில் கடன் கேட்கப் போவது நாம்தானே? ஒரு கேமுக்காக அதைக் கெடுத்துக்கொள்ளணுமா?

'இன்னும் 10 நிமிடம்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை, 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் தடை செய்கிறது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், கடைசியில் புதுக் கட்டணம் கூட்டுவதும் அதே பட்டியலில் உண்டு. புகார் சொல்ல, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

7. வாங்கினாலும் முழுச் சொந்தமில்லை

டிஸ்க் என்றால் ஆடி முடித்து இன்னொருவருக்கு விற்கலாம். டவுன்லோட் கேமில் நமக்குக் கிடைப்பது ஆடுவதற்கான உரிமம் மட்டுமே. 2014-ல் வந்த 'தி க்ரூ' கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தினார்கள். காசு கொடுத்தவர்களும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. எப்போதும் சர்வரை நம்பி ஓடும் கேம் என்றால், பழசாகிவிட்டதா என்று பார்த்து வாங்குங்கள். 'ஜி.ஓ.ஜி.' கடையில் கேமின் இன்ஸ்டாலரையே இறக்கி, பென் டிரைவில் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

காசே இல்லையா? கவலை வேண்டாம். எபிக் கடை 2018 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து இலவச கேம்கள் தருகிறது. 'சூப்பர் டக்ஸ் கார்ட்' போன்றவை எப்போதும் இலவசம். சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும். அதன் சோர்ஸ் கோடையே திறந்து படிக்கலாம். நமக்கு அது கூடுதல் பாடம்.

முடிவாக

நண்பர்களே, அடுத்த விற்பனை வருமுன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்றே மூன்று கேம் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதுவரை இறங்கிய குறைந்த விலை, தேவைப்படும் இடம், நம் வீட்டுக் கணக்கில் எத்தனை நாள் கூலி என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்பனை தொடங்கியதும் அந்தச் சீட்டில் இல்லாத எதையும் தொடாதீர்கள். கடைக்காரன் தேதி குறிக்கலாம். வாங்கும் நாளை நாம்தான் குறிக்கணும். மெஷின் வாங்கும்போதும், வீடு கட்டும்போதும், நாளை ஒரு கம்பெனிக்குச் சரக்கு எடுக்கும்போதும் இதே கணக்குதான். டிப்ளமோ முடிக்குமுன்பே இதைப் பழகிக்கொள்வோம்!