குடியை நிறுத்த எங்கே போவது? கூடலூர்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குடிப்பவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு ஊரே வைத்தியம் சொல்லும். இந்தச் சாமிக்கு நேர்ந்துகொள், அந்த ஊரில் கயிறு கட்டுகிறார்கள், வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிற மையம் ஒன்று இருக்கிறது, சாப்பாட்டில் கலந்து கொடுக்கப் பொடி விற்கிறார்கள் என்று ஆளுக்கு ஒன்று. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல டாக்டரைப் பார் என்று சொல்பவர்தான் அபூர்வம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

தேனி மாவட்டம் கூடலூரில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாத குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் பெற்ற தொலைதூர மையத்தைவிட, பஸ் ஏறி மாதாமாதம் போய்வர முடிகிற பக்கத்து ஆஸ்பத்திரிதான் நல்லது. குடிநோய் சர்க்கரை நோயைப் போன்றது. ஒருமுறை படுத்து எழுந்தால் தீராது, தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது பழக்கமா, நோயா?

எவ்வளவு குடிக்கிறார் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டாக்டர்கள் கேட்கும் எளிய கேள்விகள் சில உண்டு. குறைக்க வேண்டும் என்று அவரே நினைத்திருக்கிறாரா? மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்ச்சி கொள்கிறாரா? காலையில் எழுந்ததும் கை நடுக்கம் தீர ஒரு கட்டிங் வேண்டியிருக்கிறதா? இரண்டுக்கு ஆமாம் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. நான்காவது கேள்வி ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்றாலும் தள்ளிப் போடாதீர்கள். காலையில் கேட்பது உடம்பு, அதை மனவுறுதியால் மட்டும் அடக்கிவிட முடியாது.

திடீரென்று நிறுத்துவதில் உள்ள ஆபத்து

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். பல வருடங்கள் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, இருக்கிற இடம் தெரியாமல் உளறுவது என்று முற்றலாம். இதைப் பேய் பிடித்தது என்று கோடாங்கியிடம் கூட்டிப்போய் நேரத்தை இழக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வலிப்போ உளறலோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். எத்தனை வருடக் குடி, கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இது அதிகம் நேரக்கூடிய காலம் கார்த்திகை. குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் பாதையில் இருக்கிற ஊர் நம்முடையது. கார்த்திகை முதல் தேதி காலையில் குளித்து மாலை போட்டால், அன்றோடு சரக்கை விட்டுவிடுவது வழக்கம். அந்த விரதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்க முடியும் என்று ஒரு மனிதர் தனக்கே நிரூபித்துக்கொள்வது சாதாரண விஷயமல்ல. ஆனால் தினமும் குவார்ட்டருக்குக் குறையாமல் குடித்தவர், காலையிலும் குடித்தவர், மாலை போடுவதற்கு முன்பே, ஐப்பசியிலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். நடுக்கமும் வலிப்பும் வராமல் தடுக்க ஒரு வாரம், பத்து நாளுக்கு மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். மருந்து சாப்பிடுவதால் விரதம் கெடாது. மலையிறங்கி மாலையைக் கழற்றும் நாளுக்கு அடுத்த வாரத்தில் இன்னொரு முறை டாக்டரைப் பார்க்க இப்போதே நாள் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் மறுபடி கடை வாசலுக்குப் போவது அந்த வாரத்தில்தான்.

பேச்சை எப்படி எடுப்பது

போதையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை. சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துப் பஞ்சாயத்துப் பேசினால் அவமானம்தான் மிஞ்சும். காலை நேரம், தெளிந்த நேரம், பிள்ளைகள் இல்லாத நேரம் பாருங்கள். குடியில் தொடங்காமல் உடம்பில் தொடங்குங்கள். “ஏங்க, நாலு நாளா நீங்க சரியாத் தூங்கல, கை வேற நடுங்குது. கம்பம் ஆஸ்பத்திரியில ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவமா?” இவ்வளவு போதும். அவர் சரி என்று தலையசைக்கிற நேரம் எப்போதாவது ஒருமுறைதான் வரும். காமாலை வந்து பயந்திருக்கும்போதோ, வண்டியில் விழுந்து எழுந்தபோதோ, மகள் ஒரு வார்த்தை சொல்லி மனம் நொந்தபோதோ வரும். அன்றைக்கு எங்கே போவது என்று தேடிக்கொண்டு இருக்கக் கூடாது. இடத்தை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூரில் இருந்து எங்கே போவது

முதலில் போன். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, இலவசம். மன உளைச்சல் எதுவானாலும் பேச டெலிமானஸ் 14416 இருக்கிறது, 2022-ல் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-லும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்று இல்லை, மனைவியோ மகனோ பேசலாம். தேனி மாவட்டத்தில் போதை மறுவாழ்வு சிகிச்சை தரும் அரசு இடங்கள் எவை, எந்தக் கிழமை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கம்பம் அரசு ஆஸ்பத்திரி. சிறிது நேரப் பஸ் பயணம். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் வட்டார ஆஸ்பத்திரிகளுக்கு வந்து பார்ப்பது தமிழகம் முழுக்க உள்ள ஏற்பாடு. கம்பத்துக்கு எந்த நாள், உத்தமபாளையத்துக்கு எந்த நாள் என்று ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் இடத்திலோ உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். மனநல டாக்டர் இல்லாத நாளானாலும் பொது டாக்டரைப் பார்க்கலாம். ரத்தப் பரிசோதனை, கல்லீரல் நிலை, சர்க்கரை எல்லாம் அங்கேயே தொடங்கிவிடும்.

மூன்றாவது, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தேனியைத் தாண்டி ஆண்டிபட்டி போகும் வழியில், குமுளி–மதுரை சாலையிலேயே இருக்கிறது. மனநலப் பிரிவு இருக்கிறது. வலிப்பு வந்த வரலாறு, கல்லீரல் பாதிப்பு, தற்கொலை எண்ணம், கடுமையான நடுக்கம் இதில் எது இருந்தாலும் கம்பத்தில் நேரம் கடத்தாமல் நேராக அங்கே போவது நல்லது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. உங்களுக்கு வசதியான கலங்கரை மையம் எது என்று மனநலப் பிரிவில் விசாரியுங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். கூட ஒருவர் போக வேண்டும். ஏலத் தோட்ட வேலைக்கு விடியும் முன் ஜீப் ஏறுகிறவருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மை. அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உடம்பு நிலைப்பட்ட பிறகு ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்து, வரும் நாளையும் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் குறிக்க முடியுமா என்று கேட்கலாம்.

உள்ளே என்ன நடக்கும்

முதல் வேலை உடம்பிலிருந்து மதுவைப் பத்திரமாக இறக்குவது. இதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அடுத்தது ஆசையைக் கட்டுப்படுத்தும் மருந்துகள். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை மதுமீதான ஏக்கத்தைக் குறைக்கும். டைசல்பிரம் வேறு வகை. அதைச் சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். நோயாளி முழு மனதோடு சம்மதித்தால் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

சுவர்களில் எழுதிப் போட்டிருக்கும் ‘குடிப்பவருக்குத் தெரியாமல்’ விளம்பரங்களைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. டைசல்பிரம் போன்ற ஒன்று இருந்து, அவர் அன்று மாலை வழக்கம்போலக் குடித்தால் உயிரே போகலாம். பிழைத்தாலும், உங்கள் கையால் போடும் சோற்றை அவர் மறுபடி நம்பிச் சாப்பிட மாட்டார்.

மருந்தோடு கவுன்சலிங்கும் நடக்கும். எதற்குக் குடிக்கிறோம், எப்போது குடிக்கிறோம் என்று அவரையே பேசவைப்பது. ‘வெறும் பேச்சுத்தானே’ என்று இதைத் தவிர்த்துவிடாதீர்கள். மாத்திரை நின்ற பிறகும் கூட வருவது இதுதான்.

தனியார் மையத்தில் சேர்க்கும் முன்

நல்ல மையங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவச மறுவாழ்வு மையங்களும் உண்டு, 14446-ல் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அடித்துத் திருத்துகிறோம் என்று பணம் வாங்கும் இடங்களும் இருக்கின்றன. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்கிறது. மது, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்புகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆகவே மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

போய் நேரில் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், வீட்டார் எப்போது வந்து பார்க்கலாம், போனில் பேசலாமா என்று கேளுங்கள். மூன்று மாதம் பார்க்கவே கூடாது என்று சொல்லும் இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். தானாக விரும்பிச் சேர்ந்தவருக்கு, தானாகவே வெளியே வரும் உரிமையும் சட்டப்படி உண்டு. ஆபத்து இருப்பதாக டாக்டர் கருதினால் 24 மணி நேரம் வரை நிறுத்தி மதிப்பிடலாம். அவர் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கும் வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் குறைந்தது ஒரு மனநல டாக்டர் உட்பட இருவர் பரிசோதித்திருக்க வேண்டும். நள்ளிரவில் நான்கு பேர் வந்து கை காலைக் கட்டி வண்டியில் ஏற்றுவது அந்த வழி அல்ல.

கஞ்சா, மாத்திரை, கூல் லிப்

கஞ்சாவோ போதை மாத்திரையோ எடுக்கும் பையன் பள்ளி, கல்லூரி வயதில் இருந்தால் போலீசுக்குப் பயந்தே பெற்றோர் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. டாக்டரிடம் உண்மையைச் சொல்வது சிகிச்சைக்காகத்தான், வழக்குக்காக அல்ல. வழக்கே வந்துவிட்டாலும், சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ உபயோகித்ததற்காகவோ மாட்டியவர் தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முடித்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அந்த வழக்கு நடவடிக்கையில் இருந்து விலக்குப் பெற வழி செய்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைப் பரிசோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும். கூல் லிப் போன்ற புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவி எண் 1800-11-2356.

வீட்டாருக்கும் சிகிச்சை உண்டு

கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, குடிப்பவருக்குச் சிகிச்சை தரும்போதே குடும்பத்தாருக்கும் தனியாக ஒரு பயிற்சியை வைத்தது. தமிழகத்தில் இந்தச் சிகிச்சை வளர்ந்த விதத்தில் நான் அதிகம் மதிப்பது இந்த ஏற்பாட்டைத்தான். பல வருடம் பயந்து, கடன் அடைத்து, அக்கம்பக்கத்தில் பொய் சொல்லி வாழ்ந்த பெண்ணுக்கும் உடம்பும் மனதும் நைந்துதான் போயிருக்கும். அதே ஓ.பி.யில் உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டு, தூக்கம், ரத்த அழுத்தம், மனச்சோர்வு எல்லாவற்றையும் சொல்லுங்கள். அடி விழும் வீடாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181. அவர் திருந்தும்வரை பொறுத்திருக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழகத்திலும் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது. பக்கத்தில் கூட்டம் எங்கே என்று கவுன்சலரிடம் கேளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

முதல் மூன்று மாதம் கடினம். சம்பளம் வாங்கும் நாள் மாலை, திராட்சைத் தோட்டத்தில் வெட்டு முடிந்து கையில் காசு புழங்கும் நேரம், காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு, சித்திரையில் வீரபாண்டி திருவிழா. இவையெல்லாம் குடிக்கூட்டம் சேரும் நேரங்கள். இந்த நாட்களைக் காலண்டரில் முன்பே வட்டம் போட்டு, யார் கூடப் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, கூலியை யார் கையில் கொடுப்பது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு நாள்தான் மாப்ள’ என்று கையைப் பிடித்து இழுக்கும் கூட்டாளிக்குச் சொல்ல ஒரு பதிலும் தயாராக இருக்கட்டும். “மாத்திரை போட்டிருக்கேன், குடிச்சா ஆஸ்பத்திரிதான்” என்பது வாதத்துக்கு இடம் கொடுக்காத பதில்.

சறுக்கிவிட்டால் எல்லாம் வீண் என்று மருந்துச் சீட்டைக் கிழிக்காதீர்கள், ‘பார்த்தியா, சொன்னேன்ல’ என்றும் குத்தாதீர்கள். டைசல்பிரம் சாப்பிடுகிறவராக இருந்து, குடித்த பிறகு நெஞ்சு படபடப்போ மயக்கமோ வந்தால் 108. இல்லையென்றால் மறுபடி குடி தொடராமல் அந்த வாரத்துக்குள்ளேயே, அதே டாக்டரிடம், அதே சீட்டை எடுத்துக்கொண்டு போய், எந்த நாள், யாருடன், எவ்வளவு குடித்தார் என்பதைச் சொல்லுங்கள். மருந்தின் அளவையோ வகையையோ அவர் அதை வைத்துத்தான் மாற்றுவார்.