பிள்ளை கையில் தீக்குச்சி

வீட்டில் ஒரு பிள்ளை தீக்குச்சியை உரசி எதையாவது கொளுத்திவிட்டால் முதலில் விழுவது அடிதான். அதோடு விஷயம் முடிந்ததாகப் பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். ரயில்வேயில் ஒரு பெட்டி எரிந்தால், தீ எங்கே தொடங்கியது, எதனால் தொடங்கியது என்று விசாரிப்போம். பிள்ளை விஷயத்திலும் அந்த விசாரணை வேண்டும் என்பது என் கட்சி.

7, 8 வயது வரை பெரும்பாலும் வெறும் ஆர்வம்தான். அம்மா விளக்கேற்றுகிறாள், அப்பா மத்தாப்பு கொளுத்துகிறார்; தானும் செய்து பார்க்கிறான். கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு செய்வதுதான் ஆபத்து. பற்றிக்கொண்டால் திட்டுக்குப் பயந்து யாரையும் கூப்பிடமாட்டான். தீப்பெட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். (பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு எட்டாத உயரம் அல்ல!) துணியில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும் என்பதைச் செய்து காட்டிப் பழக்குங்கள்.

10 வயதுக்கு மேல், திரும்பத் திரும்ப, ஒளித்துச் செய்தால் கதை வேறு. நான் வேலை பார்த்த வடநாட்டுக் காலனி ஒன்றில், மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பத்துப் பையன், வயது 11. முதலில் சருகு, பிறகு குப்பைத்தொட்டி, கடைசியில் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் உறை. தகப்பனார் பெல்ட்டால் அடித்தார்; அடுத்த வாரமே மறுபடியும் தீ. அந்த அம்மாள் என் மனைவியிடம் அழுதபோதுதான் மற்றவை வெளிவந்தன. வகுப்பில் இந்தி புரியவில்லை. "மதராஸி" என்று கேலி. அப்பா வருவதற்கு இரவு ஒன்பதாகும். கேலி பொறுக்காத நாட்களில்தான் தீ வைத்திருக்கிறான்! மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். இந்திக்கு டியூஷன் வைத்தார்கள். தகப்பனார் தினமும் அரைமணி நேரம் அவனோடு உட்கார்ந்து பேசினார். சில மாதங்கள் பிடித்தன, ஆனால் நின்றது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 7 வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது. 7 முதல் 12 வரை, விளைவை அறியும் பக்குவம் இருந்ததா என்று பார்ப்பார்கள். 18 நிறையாதவர் மீதான வழக்கு முதலில் சிறார் நீதி வாரியத்தின் முன்தான் வரும்.

டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். இலவசம், தமிழிலும் பேசலாம். கூப்பிடுமுன் எத்தனை முறை, எந்த நேரத்தில், அதற்குமுன் அன்று என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கப்போவது அதைத்தான்.