ஒபீலியா

ஆங்கில நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியர், 1600ஆம் ஆண்டை ஒட்டி இயற்றிய துன்பியல் நாடகம் ஹாம்லெட். பம்மல் சம்பந்த முதலியார் இதனை 'அமலாதித்யன்' என்னும் பெயரில் தமிழ் மேடைக்குத் தந்தார். டென்மார்க் அரண்மனையில் நிகழும் இந்நாடகத்தில், இளவரசன் ஹாம்லெட்டின் துயரமே முதன்மையானது. எனினும், கற்போர் நெஞ்சில் நீங்காது நிற்பவள் ஒபீலியா என்னும் இளம்பெண்.

ஒபீலியா, அமைச்சர் பொலோனியஸின் மகள். ஹாம்லெட் அவளிடம் அன்பு கொண்டிருந்தான். அவ்வன்பை நம்ப வேண்டாம் என்று அறிவுறுத்திவிட்டுத் தமையன் லேயர்ட்டீஸ் பிரான்சு சென்றான். இளவரசனோடு பேசலாகாது எனத் தந்தை ஆணையிட்டார். அவள் பணிந்தாள். பின்னர் அதே தந்தை, ஹாம்லெட்டின் மனநிலையை அறிய அவளையே அவன்முன் நிறுத்தி, அரசனோடு மறைந்திருந்து கேட்டார். ஹாம்லெட் அவளைக் கடுஞ்சொற்களால் புண்படுத்தினான். பேசாதே என்றவரே பேசு என்றார். அன்பு செய்தவனே இகழ்ந்தான். அவளது விருப்பம் யாது என வினவியவர் ஒருவரும் இலர்.

ஒருநாள், திரைமறைவில் நின்ற பொலோனியஸை அரசன் என எண்ணி ஹாம்லெட் வாளால் குத்திக் கொன்றான். தந்தை மாண்டார்; தேற்றுவதற்குத் தமையனும் அருகில் இல்லை. ஒபீலியாவின் சித்தம் கலங்கியது. அவள் பாடியவாறே அரண்மனைக்கு வந்து, அங்கிருந்தோர்க்கு மலரும் தழையும் வழங்கி, அவற்றின் பொருளையும் கூறினாள். தெளிவோடு இருந்தபோது பிறர் சொற்படி நடந்தவள், சித்தம் கலங்கிய பின்னரே தன் துயரை வாய்விட்டு உரைத்தாள்.

ஓடைக்கரை மரத்தில் மலர்மாலையைத் தொங்கவிட ஏறியபோது, கிளை முறிந்து நீரில் வீழ்ந்து இறந்தாள். இந்நிகழ்ச்சி மேடையில் காட்டப்படுவதில்லை. அரசி கெர்ட்ரூட் சொல்லவே அறிகிறோம். அவளது முடிவும் பிறர் வாய்மொழியாகவே நம்மை அடைகிறது. அவள் கல்லறையருகே, எவர் அன்பு பெரிது என ஹாம்லெட்டும் லேயர்ட்டீஸும் பூசலிட்டனர். அதைக் கேட்க அவள் இல்லை.

சொற்பொருள்

துன்பியல் நாடகம் – துயரத்தில் முடியும் நாடகம்
தமையன் – அண்ணன்
சித்தம் – மனம்
மாண்டார் – இறந்தார்
பூசல் – சண்டை

வினாக்கள்

1. ஹாம்லெட் நாடகம் தமிழில் எப்பெயரில் நடிக்கப்பட்டது?
2. பொலோனியஸ் தம் மகளுக்கு இட்ட ஆணைகள் ஒன்றோடொன்று முரண்பட்டது எவ்வாறு?
3. ஒபீலியாவின் துயரத்திற்குக் காரணமானவர் எவர்? உம் கருத்தைக் காரணம் காட்டி எழுதுக.
4. ஒபீலியா தன் மனக்கருத்தைத் தந்தையிடம் பணிவுடன் கூறுவதாக ஓர் உரையாடல் எழுதுக.