கடை வண்டிக்கு எந்த ஆயில்?

வெல்லத்தை விரலால் அழுத்தியும், மல்லியை முகர்ந்தும் தரம் சொல்லிவிடுபவர்கள் நாம். கடைச் சரக்குக்கும் வீட்டுக்கும் ஓடும் காருக்கு ஆயில் வாங்கும்போதும் அதே வழக்கம்தான். விரலில் தேய்த்துப் பார்க்கிறோம். கெட்டியாக இருந்தால் நல்ல ஆயில் என்று முடிவு செய்கிறோம். எஞ்சின் ஆயிலுக்கு இந்தச் சோதனை உதவாது.

நாம் தொடும்போது ஆயில் ஆறியிருக்கிறது. அது வேலை செய்வதோ ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் சூட்டில். சூடு ஏற ஏற ஆயில் இளகும். 40 டிகிரியில் உள்ள கெட்டித்தன்மை 100 டிகிரியில் சுமார் ஆறில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது டப்பாவில் உள்ள எண்ணைத்தான்.

அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் இந்த எண் வரிசையை வகுத்தது. '10டபிள்யூ-30' என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் குறைந்தால், கடுங்குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும். பின்னுள்ள 30 என்பது 100 டிகிரி சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. 40 அதைவிடக் கெட்டி, 20 அதைவிட இளக்கம். பனி உறையாத நம் சமவெளிகளில் பின்னுள்ள எண்ணுக்கே கூடுதல் கவனம் தேவை.

தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், காலையில் வண்டியைக் கிளப்பியதும் எஞ்சினின் மேல்பாகங்களை எட்டத் தாமதமாகும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். தேவைக்கு மேல் இளகிய ஆயிலோ, பாரமும் சூடும் ஏறும்போது உலோகங்களுக்கு இடையே நிற்காமல் விலகிவிடும். பேரிங் தேய்ந்து எஞ்சின் இறுகிப்போனால், ஆயிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் எந்த மூலைக்கு?

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வண்டியுடன் தந்த கையேட்டில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குவோம். அது பல எண்களை அனுமதித்தால் நம் ஊர் வெயிலுக்கு ஏற்றதை மெக்கானிக்குடன் கலந்து தேர்ந்தெடுப்போம்.

2. ஏ.பி.ஐ. தரக்குறியையும் பார்ப்போம். 'எஸ்' பெட்ரோலுக்கு, 'சி' டீசலுக்கு. புகை வடிகட்டி உள்ள பி.எஸ்.6 டீசல் வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை.

3. காரில் மிஞ்சிய ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்ற வேண்டாம்; கிளட்ச் வழுக்கக்கூடும்.

4. சீல் உடையாத டப்பாவையே வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துவோம். உத்தரவாதக் காலத்தில் வண்டி பழுதானால் அதுவே நமக்குச் சான்று.

சரக்கு வாங்கும்போது எடைக்கல்லைப் பார்க்கிறோம். ஆயில் வாங்கும்போது எண்ணையும் பார்ப்போம்.