கொல்லைப்புறத்துக் கூகை சொல்லும் எலிக் கணக்கு

நெல் வயலில் தூர்கள் சாய்ந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான் நம்மில் பலருக்கு எலியின் நினைவு வருகிறது. அதற்கு முன்பே சுற்றுவட்டாரத்தில் எலி கூடுகிறதா, குறைகிறதா என்று வீட்டுக் கொல்லையில் இருந்தபடியே அறிந்துகொள்ள வழி உண்டு. காசு செலவில்லை. பொழுது சாய்ந்தபின் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமை இருந்தால் போதும்.

கூகை என்ற பறவையைத்தான் சொல்கிறோம். சாவுக்குருவி என்று சொல்லிக் கல்லெறிவதும் இதைத்தான். முகம் இதயம் போன்ற வடிவில் வெளுத்திருக்கும். அடிப்பக்கம் வெண்மை; முதுகு பொன்னிறமும் சாம்பல் நிறமும் கலந்திருக்கும். பகலிலும் கண்ணில் படுகிற, உடம்பில் வெள்ளைப் புள்ளியுள்ள சின்ன ஆந்தை வேறு. பாழடைந்த கட்டடம், கோயில் கோபுரம், மரப்பொந்து, ஆள் புழங்காத பரண் ஆகியவை கூகைக்குப் பிடித்த இடங்கள். இரவில் அது "ஸ்ஸ்ஸ்" என்று சீறுவதைக் கேட்டுப் பரணில் பாம்பு இருப்பதாகப் பயந்தவர்கள் உண்டு.

கொல்லை விளக்கை அணைத்துவிட்டு, கூகை புறப்படும் பக்கத்தைக் கவனியுங்கள். தலைக்கு மேலே பறந்து போனாலும் சிறகுச் சத்தம் கேட்காது. இறகின் ஓரம் மெல்லிய சீப்புப் போலவும் குஞ்சம் போலவும் இருப்பதே காரணம். இதன் காதுகளில் ஒன்று சற்று மேலும் மற்றது சற்றுக் கீழுமாக அமைந்துள்ளன. அதனால் கும்மிருட்டிலும் எலி ஓடும் ஓசையை வைத்தே இடத்தைக் குறி பார்த்துவிடும்.

கணக்கு எடுப்பது மறுநாள் காலையில். கூகை சிறு எலிகளை அப்படியே விழுங்கும். எலும்பும் மயிரும் செரிக்காது. அவற்றை உருண்டையாக்கிக் கக்கிவிடும். கூகை தங்கும் இடத்தின் அடியில் பாருங்கள். கட்டைவிரல் பருமனில், ஏறக்குறைய இரண்டு அங்குல நீளத்தில், கறுப்பாக உருண்டைகள் கிடக்கும். வாரம் ஒருமுறை அவற்றைத் திரட்டிப் பழைய தகர டப்பாவில் நீரூற்றி ஊறவைத்து, குச்சியால் பிரியுங்கள். (கை படாமல் செய்யவும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவவும்.) உளி போன்ற நீண்ட மஞ்சள் முன்பற்கள் இருந்தால் எலி மண்டை. ஒடுங்கிய மூக்கும் ஊசிப் பற்களும் இருந்தால் மூஞ்சூறு. எலி மண்டைகளை மட்டும் எண்ணிச் சுவர்க் காலண்டரில் குறித்துவாருங்கள். இந்த வேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விட்டால் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

இது முழுக் கணக்கு அல்ல. சில உருண்டைகள் வேறெங்காவது விழுந்திருக்கும். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடவே இது பயன்படும். மண்டை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் உடனே வரப்புக்குப் போய்ப் புது வளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றை மறக்கக்கூடாது. பொந்தில் மாலை முதல் ஓயாமல் சீறல் கேட்டால் உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன என்று பொருள். அப்போது தின்னும் வாய் அதிகம்; உருண்டையும் அதிகமாகத்தான் இருக்கும். முட்டை பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதமும், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதமும் ஆகும்.

இந்தக் காலத்தில்தான் நாம் பெரிய தவறு செய்கிறோம். எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஒரு சம்பா பட்டத்தில் எலி மிகுந்துவிட்டது என்று வரப்பெங்கும் எலி மருந்துக் கேக் வைத்தோம். இரண்டு வாரத்துக்குள் தென்னையடியில் கூகை செத்துக் கிடந்தது. காயம் எதுவும் இல்லை. மருந்தால்தான் செத்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் புரோமோடயலோன் வகை மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அப்படிப்பட்ட எலிதான் கூகையிடம் முதலில் சிக்கும். எலியின் ஈரலில் தங்கிய விஷம் கூகைக்கும் போய்ச் சேரும். அடுத்த பட்டத்தில் எங்கள் கொல்லையில் எண்ணுவதற்கு உருண்டையே இல்லை. எலி மட்டும் இருந்தது.

ஆகவே கூகை தங்கும் இடத்துக்கு அருகில் இத்தகைய மருந்தைத் தவிர்த்து, வளை வெட்டுவதும் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதும் நல்லது. வரப்பைக் குறுக்கிக் கட்டினால் எலிக்கு வளை தோண்ட இடம் குறையும். கூகை மட்டுமே எலியை ஒழித்துவிடும் என்று எண்ண வேண்டாம். மூன்று வாரச் சினையில் குட்டி போடும் பிராணி எலி. எனினும் மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் இஸ்ரேலின் வயல்களிலும் கூகைக்கென்றே பெட்டிகள் அமைத்து எலியைக் கட்டுப்படுத்தி வருகிறார்கள். இஸ்ரேலில் இது 1983-இல் தொடங்கிய வேலை.

நாம் பெட்டி செய்யாவிட்டாலும், வயலில் உட்கார இடம் கொடுக்கலாம். ஏக்கருக்கு 15 முதல் 20 வரை தென்னை மட்டைகளைத் தலைகீழாகவோ, 'ட' எழுத்தைப் போலன்றி உச்சியில் குறுக்குக் கட்டை வைத்த குச்சிகளாகவோ நடலாம். பயிருக்கு மேலே இரண்டு முழம் தெரிய வேண்டும். பகலில் அதே குச்சியில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும் சமயம் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிகளுக்கு நாமே பந்தி விரித்ததாகும்.

சாவு அறிவிக்க வருகிறது என்று கூகையை விரட்டுவோர் இன்றும் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். பரணைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தால், சீறல் அடங்கிக் குஞ்சுகள் பறந்து போகும்வரை பொறுத்திருந்து செய்யுங்கள்.